டேக் சாரின் சொந்த வாக்கியம்

ஆங்கிலம்-தமிழ் அகராதி எழுதுகிறவர்களுக்குப் பெரிய வார்த்தைகளைக் கண்டால் பயமில்லை. வாயில் நுழையாத விஞ்ஞானச் சொல்லா, ஒரே வரியில் பொருள் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். எங்களைக் கொல்வதெல்லாம் பொடி வார்த்தைகள்தான். கெட், செட், புட், ரன் என்று ஒன்றும் தெரியாத அப்பாவிபோல் உட்கார்ந்திருக்கும். உள்ளே போன ஆள் திரும்பி வருவதில்லை. எங்கள் அலுவலகத்தில் கெட் என்ற சொல்லை வாங்கிக்கொண்டவர் பாதியில் வேலையை உதறிவிட்டு ஸ்டேஷனரி கடை வைத்தார். இப்போது நன்றாக இருக்கிறார். சதை போட்டு, முகம் தெளிந்து, பார்த்தால் சிரிக்கிறார்.

டேக் என்ற சொல்லை வாங்கிக்கொண்டவர் எங்கும் போகவில்லை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி கீழே அச்சகத்து ஆட்கள் முதல் எதிர்க்கடை டீ மாஸ்டர் வரை எல்லோருக்கும் அவர் டேக் சார்.

அச்சகத்தின் மாடியில் எங்களுக்கு மூன்று அறைகள். கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேஜைமேல் தம்ளர் நடுங்கும். சுவர் முழுக்க சின்னச் சின்ன இழுப்பறைகள், அவற்றில் அட்டைகள். ஒரு பொருளுக்கு ஒரு அட்டை என்பது கணக்கு. எந்தச் சொல்லுக்கும் ஓர் இழுப்பறை போதும். டேக்குக்கு மட்டும் தனி அலமாரி. நான் அங்கே மெய்ப்புத் திருத்துகிறவள், அவருக்கு எதிர் மேஜைக்காரி. அந்த அலமாரி நிறைந்ததைக் கூடவே இருந்து பார்த்தவள்.

அப்படி என்ன இருக்கிறது அந்த வார்த்தையில் என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் பேசுகிறவர் எல்லாவற்றையும் எடுப்பார். குளியலை எடுப்பார், மாத்திரையை எடுப்பார், பஸ்ஸை எடுப்பார், நாற்காலியை எடுத்து அதன்மேலேயே உட்காருவார். நாம் அப்படியா? குளிக்கிறோம், மாத்திரை சாப்பிடுகிறோம், பஸ்ஸில் போகிறோம், லீவு போடுகிறோம், பரீட்சை எழுதுகிறோம், பழி வாங்குகிறோம். அவருக்கு எடுக்கிற நேரம் நமக்குப் பிடிக்கிறது. அவர் ஒரே சாவியில் வீடு முழுக்கத் திறக்கிறார். நாம் ஒவ்வொரு கதவுக்கும் வேறு சாவி தேட வேண்டும். போதாததற்கு அதே பொருள் தரும் மற்ற ஆங்கிலச் சொற்களையும் பக்கத்தில் போட வேண்டும். கிராப், ஸ்நாட்ச், ரிசீவ், அக்செப்ட். அடுத்தவர் கையிலிருந்து பிடுங்கினாலும் டேக், இரண்டு கையையும் நீட்டிப் பணிவாக வாங்கிக்கொண்டாலும் டேக். வெட்கமில்லாத வார்த்தை.

இதற்குமேல் எங்கள் பதிப்பாசிரியர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தமிழ் வாக்கியம் எடுத்துக்காட்டாக வேண்டும். அதை மேஜையில் உட்கார்ந்து ஜோடிக்கக் கூடாது. யாராவது வாய்விட்டுச் சொல்லி, நம் காதால் கேட்டதாக இருக்க வேண்டும். சினிமா வசனம் கூடாது, யாரோ எழுதிக்கொடுத்தது. சொந்த வாக்கியமும் செல்லாது. அட்டையில் வாக்கியம், சொன்னவர் ஆணா பெண்ணா, வயது, இடம், தேதி எல்லாம் இருக்க வேண்டும்.

மற்றவர்கள் இந்தச் சட்டத்துக்கு எவ்வளவு மரியாதை கொடுத்தார்கள் என்பது மெய்ப்புத் திருத்துகிற எனக்குத் தெரியும். ஒருவர் தன் வாக்கியங்களையெல்லாம் தன் அத்தை தலையில் கட்டிவிட்டார். அந்த அத்தை அகராதி வேலை தொடங்குவதற்கு முன்பே காலமாகிவிட்டார். யோக்கியமாக நடந்துகொண்டவர் டேக் சார் ஒருவர்தான். அதன் பலனை அவர் குடும்பம் அனுபவித்தது.

மனிதர் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தார். பஸ்ஸில் இரண்டு பேர் சண்டை போட்டு, மூன்றாவது ஆள் ஒருவர், "அவன் சொன்னதைப் பெருசா எடுத்துக்காத," என்று சமாதானம் பேசினால், அவர்கள் பின்னாலேயே இறங்கி, ஏதோ ஒரு தெருவில் நின்று அட்டை எழுதிவிட்டு நடந்தே அலுவலகம் வருவார். பல் பிடுங்கப் போன இடத்தில் வாயைத் திறந்தபடி நர்ஸுகள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்ததில் எந்தப் பல் வலித்தது என்பதையே சொல்ல மறந்துவிட்டார். பக்கத்து வீட்டில் ஒரு சாவு. "என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா," என்று செத்தவரின் மனைவி அழுதபோது, எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். டேக் சார் மாடிப்படிக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார்.

காது வளர வளர வாய் சுருங்கிவிட்டது. சொந்த வாக்கியம்தான் செல்லாதே, பேசி என்ன பயன் என்று நினைத்தாரோ என்னவோ. கேட்டால் தலையாட்டுவார். அதில் ஆமாம் எது, இல்லை எது என்று கண்டுபிடிக்க அவர் மனைவியால்தான் முடியும்.

அந்த அக்கா துணிக்கடையில் மீட்டர் அளந்து வெட்டுகிற வேலை செய்கிறார். நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் பேசிவிட்டு வந்து வீட்டிலும் பேசுவார். கல்யாணமான புதிதில், நான் பேசினால் என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார் என்று கடையில் பெருமை அடித்திருக்கிறார். அவர் கேட்பது தன்னை அல்ல, ஒரு வார்த்தையை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. வீடு பார்ப்பது, பள்ளிக்கூடம் பார்ப்பது, யாருக்கு எவ்வளவு மொய் எழுதுவது என்று எல்லாவற்றையும் அக்காவே தீர்மானித்து, "அவருக்கும் சம்மதந்தான்," என்று முடித்துவிடுவார். ஒரு நாளும் அவர் மறுத்ததில்லை.

அந்த வீட்டுப் பேச்செல்லாம் அலமாரிக்கு வந்துகொண்டிருந்தது. "அப்பா, என்னையும் கடைக்குக் கூட்டிட்டுப் போ. பெண், ஆறு வயது, வீடு." "டீச்சர் என் பென்சிலை வாங்கி வச்சுக்கிட்டாங்க. பெண், ஒன்பது வயது, வீடு." அந்தப் பெண் வளர்ந்ததை நான் அட்டைகளில்தான் பார்த்தேன். அக்காவும் அட்டைக்கு அட்டை பேசினார். ஆனால் அவர் வயது மட்டும் ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது. கேட்டபோது, அது வீட்டில் செய்துகொண்ட ஏற்பாடு என்பதுபோல் டேக் சார் கூரையைப் பார்த்தார்.

மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, ஊசியைக் கண்டு மயங்கி விழுந்த பயில்வானைப் பற்றி நடித்துக் காட்டுவாளாம். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக்கைப் பற்றியும் முதலில் அப்படித்தான் நடித்துக் காட்டினாள். பிறகு நடிப்பை நிறுத்திவிட்டாள். அக்கா புரிந்துகொண்டார். கட்டினால் இவனைத்தான், இல்லாவிட்டால் யாரும் வேண்டாம் என்று மகள் அம்மாவிடம் சொன்னாள். சொன்னால் சொன்னதுதான் என்கிற பெண் அவள்.

பையனுக்கு அம்மா மட்டும்தான். அந்த அம்மா கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பிள்ளையும் பெண்ணின் வீட்டுக்கு வந்தார்கள். அங்கே நடந்தது மறுநாள் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. டேக் சார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தலையாட்டினார். அக்கா பேசினார். பையன் மின்விசிறி ஏன் சத்தம் போடுகிறது என்று பார்த்துச் சரிசெய்து கொடுத்தான். கடைசியில் பையனின் அம்மா டீ கப்பைக் கீழே வைத்துவிட்டு, மனம் நெகிழ்ந்து ஒரு வார்த்தை சொன்னார்: "உங்க பொண்ணை மருமகளா இல்லைங்க, எங்க வீட்டுப் பொண்ணாவே ஏத்துக்கறோம்."

நான் அந்த அலமாரியை அறிவேன். ஒருவரை இன்னாராக ஏற்றுக்கொள்வது என்ற பொருளுக்கு வாக்கியமே கிடைக்காமல் அந்த அட்டை வருஷக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. இந்த வசனம் எல்லா சினிமாவிலும் வரும். சினிமா செல்லாது. உயிருள்ள ஒரு மனுஷி, உண்மையாகவே, தன் காதுபடச் சொல்லி அவர் கேட்டதில்லை. இப்போது சொந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஒருவர் சொல்கிறார். டேக் சாரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அட்டை வந்தது. பேனா வந்தது.

"ஏத்துக்கறோம்னு சொன்னீங்களா, ஏத்துக்குவோம்னு சொன்னீங்களா?" என்று கேட்டார்.

ஏத்துக்கறோம் என்று அந்த அம்மா குழப்பத்தோடு சொன்னார். எழுதிக்கொண்டு, அடுத்ததாக, "உங்க வயசு என்னங்க?" என்றார். அதோடு விடாமல் மகள் பக்கம் திரும்பி இன்றைக்கு என்ன தேதி என்றும் கேட்டுவிட்டார்.

வேறு யாராவதாக இருந்தால், ஆள் ஒரு மாதிரி என்று நினைத்து விட்டிருப்பார்கள். வந்தவர் கோர்ட்டில் வேலை பார்த்தவர். சொன்னதைத் திருப்பிக் கேட்டு, வயதும் இடமும் தேதியும் போட்டு எழுதினால் அது என்ன என்பது அவருக்கு அத்துபடி. ஆயுசு முழுக்க அதைத்தான் தட்டச்சு செய்திருக்கிறார். முகம் சிவக்க எழுந்தார். "அன்பா ஒரு வார்த்தை சொன்னா அதை வாக்குமூலமாப் பதிவு பண்றீங்களா? நாளைக்கு எங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கணும்னு இப்பவே திட்டமா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். மெக்கானிக் பேயறைந்த மாதிரி பின்னாலேயே போனான். அக்கா வாசல்வரை ஓடியும் பயனில்லை. டேக் சார் தேதியை எழுதி முடித்து நிமிர்ந்தபோது எதிர் சோபாவில் யாரும் இல்லை.

மறுநாள் அக்கா மாடிப்படி ஏறி எங்கள் அறைக்கு வந்தார். அதுதான் முதல் முறை. கணவர் பக்கம் திரும்பக்கூட இல்லை, நேராக என்னிடம் வந்தார். மகள் சாப்பிடவில்லை. அந்தப் பையன் போனை எடுப்பதில்லை. அகராதி என்றால் கடையில் விற்கிற புத்தகம் என்றுதான் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதை எழுத ஆட்கள் இருக்கிறார்கள், அந்த ஆட்கள் இப்படி இருப்பார்கள் என்று யார் நம்புவார்கள், நீ வந்து சாட்சி சொல் என்றார். அலமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இதில் எவ்வளவு தன் வாயிலிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேக் சார், அக்கா, மகள், நான் என்று நாலு பேரும் பையன் வீட்டுக்குப் போனோம். டேக் சார் மடியில் ஓர் இழுப்பறை. எல்லாம் ஆதாரம். வாங்க என்று சொன்ன தோரணையிலேயே, ஏன் வந்தீர்கள் என்றும் சேர்த்துக் கேட்டார் அந்த அம்மா. கூடத்தில் துணி போட்டு மூடிய டைப்ரைட்டர், அதன் பக்கத்தில் நிமிர்ந்த முதுகோடு அவர். நான் மூச்சுவிடாமல் விளக்கினேன். பதிப்பாசிரியரின் சட்டத்தைச் சொன்னேன், அத்தை கதையைக்கூடச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். வயது, இடம், தேதி. ஓரங்களைத் தட்டி அடுக்கினார். எங்கள் கோர்ட்டில்கூட இவ்வளவு ஒழுங்காக எழுத மாட்டோம் என்று அவர் சொன்னபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவசரப்பட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு டேக் சாரை நேராகப் பார்த்தார்.

"சரிங்க. நான் சொன்னது உங்ககிட்ட எழுத்துல இருக்கு. நீங்க இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலையே. உங்களுக்கு இதுல சம்மதமா?"

"அவருக்குச் சம்மதந்தாங்க," என்றார் அக்கா, வழக்கம்போல.

அவர் வாயால் சொன்னால்தான் கணக்கு, அடுத்தவர் சொன்னால் எங்கள் கோர்ட்டில் ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்று அந்த அம்மா சிரிக்காமல் சொல்லிவிட்டார். டேக் சார் மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மடியிலிருந்த இழுப்பறையைப் பார்த்தார். சம்மதம் சொல்வதற்கு அதில் எத்தனையோ வாக்கியங்கள் இருந்தன, எல்லாம் ஊரார் சொன்னவை. மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தலையாட்டல் போதும், ஆட்டித் தொலையுங்களேன் என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

"எனக்கு இஷ்டமில்லைங்க," என்றார்.

மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். டேக் சார் தொண்டையைச் செருமினார். பழக்கமில்லாத குரல், பாதியில் கட்டிக்கொண்டு பாதியில் வந்தது.

"பையன் மேல ஒரு குறையுமில்ல. நல்ல பையன். இவ போயிட்டா எங்க வீட்டுல பேச்சே இருக்காது. அதான். ஆனா அவளுக்கு இவரைப் பிடிச்சிருக்கு. அதனால குடுக்கறேன்."

மகள் ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து விம்மி அழுதாள். தன்னைப் பற்றி அப்பா பேசி அவள் கேட்டதேயில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. அந்த அம்மா எழுந்துபோய் அவள் தலையைத் தடவிவிட்டு, டீ போடச் சொல்லிப் பிள்ளையை விரட்டினார். வாரம் ஒரு நாள் இவளை அனுப்பி வைக்கிறேன், வந்து பேசிவிட்டு வரட்டும் என்று டேக் சாரிடம் ஒப்பந்தம் மாதிரிச் சொன்னார். கல்யாணத்தை எந்த மாதம் வைத்துக்கொள்வது என்பதுவரை பேச்சு போய்விட்டது. எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார், டீ நன்றாக இருக்கிறது என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பாவும் மகளும் முன்சீட்டில். மகள் எதையோ சொல்ல, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"இத்தனை வருஷமா அந்த வீட்டுல நானும் பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்? அப்ப நான் பேசினதெல்லாம் என்னம்மா?"

பாதி அலமாரி உங்களுடையதுதான் அக்கா என்று சொல்லியிருக்கலாம். அதைவிட மோசமான ஆறுதல் உலகத்தில் கிடையாது.

அன்றோடு அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகவும் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சட்டை இஸ்திரி போட்டு வந்தது, மகளிடம் கல்யாண வேலை பற்றிய பேச்சு நடந்தது. டேக் சாரிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. மகள் அந்த வீட்டை விட்டுப் போக இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. பேச்சு அவளுக்கு முன்னால் போய்விட்டது.

டேக் சார் அட்டை எழுதுவதை விட்டுவிட்டார். கீழே அச்சகத்தில் டேக் வருகிற டி எழுத்துப் பக்கங்களுக்காகக் காத்திருந்தார்கள், பதிப்பாசிரியர் தினமும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். ஒரு மத்தியானம் டேக் சார் என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "வீட்டுல ஒரு ஆள் முதல்ல என்னம்மா பேசுவான்?" என்று கேட்டார்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. இவ்வளவு காலம் ஊர்ப் பேச்சையெல்லாம் சேர்த்து வைத்தீர்களே, அதில் ஒன்றை எடுத்துவிடுங்கள் என்றேன். அதில் வீட்டுப் பேச்செல்லாம் அவள் சொன்னதாயிற்றே, அவளிடமே எப்படித் திருப்பிச் சொல்வது என்றார். அதுவும் நியாயம்தான். கடைசியில் மனசு கேட்காமல், பசிக்குது என்றாவது சொல்லிப் பாருங்கள், எல்லா ஆம்பளைகளும் அதைத்தான் சொல்வார்கள் என்று அனுப்பி வைத்தேன்.

மறுநாள் வந்து, ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். பசிக்குது என்று சொல்லியிருக்கிறார். அக்கா சாப்பாட்டைக் கொண்டுவந்து டக்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சாப்பிட்டுக் கைகழுவி, சமையலறை வாசலில் போய் நின்றிருக்கிறார். அக்கா முதுகைக் காட்டியபடி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாராம்.

தண்ணீர்க் குழாய் நின்றது. அக்கா திரும்பாமல், "இதை யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார்.

நான் சொல்லிக் கொடுத்தது பசிக்குது என்பதோடு முடிந்துவிட்டது, அதற்கு நான் சாட்சி. யாரும் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் கேட்டேன் என்று டேக் சார் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு, "இல்ல, இன்னும் சாப்பிடல," என்றார்.

நீ உட்கார், நான் போடுகிறேன் என்று இவர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் தட்டு எங்கே இருக்கிறது என்பது தனக்குத் தெரியாது என்று அவருக்கு உறைத்தது. அதையும் அக்காவிடமே கேட்டாராம்.